கண்ணுக்குத் தண்ணீர் கட்டிப் படம் எடுப்பது: யூபிஎம் பழகுகிறவர்களுக்கு

யூபிஎம் என்பது கண்ணின் முன்பக்கத்தை ஒலியால் படம் எடுக்கிற ஸ்கேன். எங்கள் யூபிஎம் அறையில் கட்டிலை முதலில் வடக்கே தலை வைத்துப் போட்டிருந்தார்கள். பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் காரணம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஓர் அப்பத்தா கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "வடக்க தல வச்சுப் படுக்கவா கூட்டியாந்தீக?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலமே எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, கட்டிலைத் திருப்பிவிட்டோம்.

அதில் எனக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. மல்லாந்து படுத்திருக்கிறவரிடம் "மேலே பாருங்க" என்றால் கூரையா தலைமாடா என்று அவருக்குக் குழம்பும். "வலது பக்கம்" என்றால் உங்கள் வலதா என் வலதா என்பார். இப்போது தலை தெற்கே, கால் வடக்கே. "மேக்க பாருங்கய்யா" என்றால் ஊர்க்காரர்கள் யோசிக்காமல் கண்ணைத் திருப்புகிறார்கள். டவுன் பிள்ளைகளுக்குத்தான் திசை தெரியாது. அவர்களுக்காகச் சுவரில் நான்கு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நான் சோழவந்தான் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்துக் கண் மருத்துவமனைப் பயிற்சியில் சேர்ந்தேன். கண்ணாடி சோதனை, ஃபீல்டு (பக்கப் பார்வைச் சோதனை), பி ஸ்கேன் என்று சுற்றி வந்து, கடந்த 16 வருடமாக இந்த இருட்டறை. புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். கருவியோடு வருகிற புத்தகத்தில் பொத்தான்களைப் பற்றி எல்லாம் இருக்கும். கையை எங்கே வைப்பது என்பது இருக்காது.

ஏன் இத்தனை தண்ணீர்

யூபிஎம் என்பது அல்ட்ராசவுண்ட் பயோமைக்ராஸ்கோப்பி. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுக்கிற ஸ்கேனுக்குச் சொந்தக்காரிதான், குரல் மட்டும் ரொம்பக் கீச்சு. வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கண்ணின் பின்புறம் பார்க்கிற பி ஸ்கேன் 10. யூபிஎம் 35 முதல் 50 வரை. 1990-ஐ ஒட்டி கனடாவின் டொரோண்டோ நகரில் சார்லஸ் பாவ்லின், ஸ்டூவர்ட் ஃபோஸ்டர் ஆகியோரின் குழு உயிருள்ள கண்ணில் இப்படிப் படம் எடுத்துக் காட்டியது. கண்ணுக்கு பி ஸ்கேன் வந்தது 1958-இல். கண்ணின் பின்பக்கத்தை ஒலியால் பார்க்கத் தெரிந்த பிறகும், முன்பக்கத்தின் நுணுக்கத்தைப் பார்க்க 30 வருடம் ஆகியிருக்கிறது.

ஒலி உடம்பின் ஈரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் ஓடுகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டர். கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழியின் நடுத்தடிப்பே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த அலையை மூன்று நான்கு அடுக்கினால் கருவிழி முடிந்துவிடும், பிறகு அதில் என்ன நுணுக்கம் தெரியும்? 50 மெகாஹெர்ட்ஸில் அலை 0.03 மில்லிமீட்டர். கருவிழியின் மேல்தோல், நடுச்சதை, உள்தோல் எல்லாம் தனித்தனிக் கோடாகப் பிரியும். இதற்கு ஒரு விலை உண்டு. கீச்சுக் குரல் தூரம் போகாது. 4 அல்லது 5 மில்லிமீட்டரிலேயே ஒலி அடங்கிவிடும். அதனால் யூபிஎம்மில் விழித்திரையைத் தேடாதீர்கள். கருவிழி, ஐரிஸ் (அதன் பின்னால் இருக்கும் நிறத் திரை), ஆங்கிள் (கருவிழியும் ஐரிஸும் சேரும் மூலை, கண்ணின் உள்நீர் வடியும் இடம்), சிலியரி பாடி (ஐரிஸுக்குப் பின்னால் அந்த நீரைச் சுரக்கும் சதை வளையம்), லென்ஸின் முன்பக்கம், அதோடு சரி.

காற்று இந்த ஒலிக்குக் கருங்கல் சுவர். மயிரிழை அளவு காற்று இருந்தாலும் எல்லாம் திரும்பிவிடும். அதோடு, புரோபின், அதாவது கையில் பிடித்து ஒலி அனுப்புகிற கருவியின், குவியம் அதன் முனையிலேயே இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கண்ணுக்கும் புரோபுக்கும் நடுவே தண்ணீர் நின்றால்தான் நமக்கு வேண்டிய இடம் குவியத்தில் வரும். என் அப்பா வயலுக்கு வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார். நான் கண்ணுக்குக் கப் வைத்து நிறுத்துகிறேன்.

ஒளியால் படம் எடுக்கிற ஓசிடி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். முன்பக்க ஓசிடி நல்ல கருவி, கண்ணைத் தொடவே வேண்டாம், உட்கார்ந்தபடியே எடுக்கலாம். ஆனால் அது ஒளி. நம் ஊர்க் கண்களின் ஐரிஸ் அடர்ந்த பழுப்பு. அந்த நிறமியைத் தாண்டி ஒளி பின்னால் போகாது. ஐரிஸுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒலிதான் கதி.

படுக்க வைப்பதற்கு முன்

முதலில் சீட்டைப் படியுங்கள். கண் கிழிந்திருக்கிறது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கப் வைக்கக் கூடாது. புதிதாக ஆபரேஷன் ஆன கண், சீழ் பிடித்த கண், மேல்தோல் உரிந்த கருவிழி இவற்றையும் டாக்டரிடம் நேரில் கேட்காமல் தொடாதீர்கள். "சீட்டில் எழுதியிருந்தது, எடுத்தேன்" என்பது பதிலாகாது.

அடுத்தது வரிசை. கண் அழுத்தம், கண்ணாடி சோதனை, ஃபீல்டு, லென்ஸ் அளவு எல்லாம் முடிந்த பிறகுதான் யூபிஎம். ஜெல் பட்ட கண் கொஞ்ச நேரத்துக்கு மங்கலாகவே இருக்கும், அதற்குப் பின் எடுக்கும் அளவுகளை நம்ப முடியாது. ஆனால் பாப்பா, அதாவது கண் நடுவில் உள்ள கறுப்பு வட்டம், விரியும் சொட்டு மருந்துக்கு முன்பாகவே யூபிஎம் முடிந்துவிட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தீராத மனக்குறை. கம்பத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார்கள். வாசலில் யாரோ வழக்கம்போல் சொட்டு விட்டுவிடுகிறார்கள். ஆங்கிள் பார்க்க வந்த கண் அகல விரிந்து நிற்கிறது. அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, திட்டு எனக்கு. அதனால் யூபிஎம் சீட்டில் சிவப்பு மையில் "சொட்டு விடாதே" என்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

முகத்தைப் பாருங்கள். கண் மை இருந்தால் துடைக்க வேண்டும். மல்லிகைப் பூ நனையும், எடுத்து ஒரு தட்டில் வைக்கச் சொல்லுங்கள். விபூதிதான் சிக்கல். படுத்ததும் பொடி உதிர்ந்து ஜெல்லில் விழும், திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டும். அம்மன் சன்னதியில் பூசிக்கொண்டு நேராக வருகிறவரிடம் அழிக்கச் சொன்னால் முகம் சுண்டிவிடும். நான் அழிப்பதில்லை. நெற்றிக்குக் குறுக்கே ஈரத் துணி மடித்துப் போட்டு, ஓரத்தில் டேப் ஒட்டிவிடுவேன். விபூதியும் இருக்கும், படமும் வரும்.

என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "ஐயா, கண்ணு மரத்துப்போக மருந்து விடுறேன், மொதல்ல கொஞ்சம் எரியும். அப்பறம் சின்னக் கிண்ணம் மாதிரி ஒண்ணு வச்சு தண்ணி ஊத்துவேன். வலிக்காது, ஆனா பாரமா இருக்கும். இன்னொரு கண்ணைத் தொறந்தே வைங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடினால் மற்றதும் மேலே சொருகிக்கொள்ளும், கப் நழுவும்.

புரோபராகெயின் 0.5 சதவீதச் சொட்டு, ஒன்று விட்டு அரை நிமிடம் கழித்து இன்னொன்று. எடுக்காத கண்ணுக்கும் ஒரு சொட்டு விடுவேன். சிமிட்டல் குறையும்.

கப்

கப் 18-இலிருந்து 24 மில்லிமீட்டர் வரை பல அளவில் வரும். கண் இடுக்கில் போகிற பெரிய கப் எதுவோ அதுதான் சரியான கப். சின்னது வைப்பது சுலபம், ஆனால் அதன் விளிம்பு கருவிழி ஓரத்திலேயே போய் உட்காரும். நாம் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். பெரிய கப் வெள்ளைவிழியில் உட்கார்ந்துகொள்ளும்.

"காலைப் பாருங்க" என்று சொல்லி, மேல் இமையைத் தூக்கி, கப்பின் மேல் விளிம்பை உள்ளே நுழையுங்கள். பிறகு "நேரா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே கீழ் இமையை இழுத்து மறுவிளிம்பை இறக்குங்கள். கீழிமையில் ஆரம்பித்தால் பாதிப்பேருக்கு மேலிமை ஒத்துழைக்காது.

இனி ஊற்றுவது. முதலில் அடியில் மெத்தில் செல்லுலோஸ் ஜெல், அது கப்பின் விளிம்பைச் சுற்றி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கசியாது. அதன்மேல் சலைன். டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றினால் நுரைதான் மிஞ்சும். சிரிஞ்சின் முனையைக் கப்பின் உள்சுவரில் ஒட்டினாற்போல் வைத்து, சுவர் வழியாக இறங்க விடுங்கள். ஜெல் பாட்டிலைக் காலையிலேயே தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டால் குமிழி அடிப்பக்கம் போய்விடும். அப்படியும் ஒன்று வந்துவிட்டால் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுங்கள். குமிழியோடு போராடுவதை விட கப்பை எடுத்து மறுபடி வைப்பது பல சமயம் சீக்கிரம் முடியும்.

ஏசி அறையில் சலைன் ஜில்லென்று இருக்கும். கண்ணில் பட்டதும் ஆள் துள்ளுவார். பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சூடு போதும்.

சில கருவிகளில் கப் வேண்டாம், தண்ணீர் நிரப்பிய மெல்லிய பை புரோபின் முனையிலேயே மாட்டிக்கொள்ளும். பையையே கண்மேல் வைக்கலாம். உட்கார்ந்தபடிகூட எடுக்கலாம். கருவிழியில் முனை உராயும் பயம் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு பை என்று செலவு. கப் முறை தெரிந்தவருக்குப் பை முறை ஒரு நாள் வேலை. அதனால் கப்பில் பழகுங்கள்.

கை

தலைமாட்டில் உட்காருங்கள். நாற்காலி உயரம் உங்கள் முழங்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும். ஒரு கை கப்பைப் பிடிக்கும், மறுகை புரோப். இரண்டு மணிக்கட்டும் நோயாளியின் நெற்றி, கன்ன எலும்பு மேல் ஊன்றியிருக்கட்டும். அவர் தலை அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும். அந்தரத்தில் நிற்கிற கைதான் ஆபத்து. மூடியில்லாத புரோபில் முனை படபடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கும் கருவிழிக்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். திரையில் கருவிழி மேல் ஓரத்தை நெருங்கி வருகிறதென்றால் நிஜத்தில் முனை கண்ணை நெருங்குகிறது என்று பொருள். படத்தை ரசித்துக்கொண்டு கையை மறக்காதீர்கள்.

கப்பை அழுத்தாதீர்கள். கப் சாயாமல் பிடிப்பதுதான் கையின் வேலை. கருவிழிமேல் பாரம் விழுந்தால் உள்ளே இருக்கும் நீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, மூடிய ஆங்கிள்கூடத் திறந்தது போலத் தெரியும். ஓரத்தில் அழுந்தினால் திறந்த ஆங்கிள் குறுகித் தெரியும். இரண்டு படமும் அழகாகவே இருக்கும். பார்க்கிற டாக்டருக்கு நீங்கள் அழுத்தியது தெரியாது. சந்தேகமாக இருந்தால் பிடியைத் தளர்த்தி, இரண்டு மூச்சு விட்டு, அதே இடத்தை மறுபடி எடுங்கள். படம் மாறினால் முதல் படத்தை அழித்துவிடுங்கள்.

லைட்

இதை நான் கற்றது தலைகுனிந்து. அப்போது வேலை பார்த்த இடம் வேறு, நான் யூபிஎம்முக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேலூர்க்காரர் ஒருவர், 50 வயதிருக்கும். பொழுது சாய்ந்தால் தலைவலி, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று வந்தவர். நான் படம் எடுத்தேன். நான்கு பக்கமும் ஆங்கிள் திறந்திருந்தது. அருமையான படம் என்று எனக்கே பெருமை. ஒரு மணி நேரத்தில் டாக்டர் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு அறைக்கே வந்தார். ஆங்கிளை நேரில் பார்க்கிற கோனியோ லென்ஸ் வைத்துப் பார்த்ததில் ஆங்கிள் மூடிக் கிடக்கிறது. "டியூப்லைட்டப் போட்டுட்டா எடுத்த?" என்று ஒரே கேள்விதான். ஆமாம், போட்டிருந்தேன். அணைத்துவிட்டு அவர் எதிரிலேயே மறுபடி எடுத்தேன். நான்கில் மூன்று பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், ஐரிஸ் இழுபட்டு மெலியும், ஆங்கிள் திறக்கும். இருட்டில் பாப்பா விரியும், ஐரிஸ் சுருண்டு ஓரத்தில் குவியும், குறுகலான ஆங்கிள் மூடிக்கொள்ளும். அவருக்கு வலி வருவதே பொழுது சாய்ந்தபின். நான் பட்டப்பகல் வெளிச்சத்தைக் கொடுத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

அதனால் ஆங்கிளுக்காக வந்தவரை இரண்டு முறை எடுங்கள், விளக்கைப் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று. அணைத்ததும் எடுக்காதீர்கள், ஒரு நிமிடமாவது விடுங்கள். மானிட்டரின் வெளிச்சம் நோயாளி முகத்தில் விழாமல் திருப்பி வையுங்கள். இன்னொன்று: எடுக்காத கண்ணில் வெளிச்சம் பட்டாலும் எடுக்கிற கண்ணின் பாப்பா சுருங்கும். துணைக்கு வந்த பேரன் மூலையில் நின்று செல்போனைத் தட்டினால் போதும், உங்கள் இருட்டுப் படம் போச்சு. துணை ஆட்களை வெளியே உட்கார வைக்க எனக்கு வேறு காரணமே வேண்டாம்.

இளவயதுக்காரர்கள் விஷயத்தில் பார்க்கிற தூரமும் கணக்கு. கிட்டத்தில் எதையாவது உற்றுப் பார்த்தால் லென்ஸ் தடிக்கும், சிலியரி பாடி நகரும். கூரையில் ஒரு புள்ளி ஒட்டி அதையே பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கே, எப்படி

முதலில் நடுவில் ஒன்று. பாப்பா நடுவில் வர வேண்டும், கருவிழியின் கோடுகளும் லென்ஸ் முன்தோலின் கோடும் பளிச்சென்று ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வர வேண்டும். முன்னறை, அதாவது கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே நீர் நிற்கும் இடம், அதன் ஆழம் எடுப்பது இதில்தான்.

பிறகு நான்கு திசை ஆங்கிள். எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் கண்ணைத் திருப்பச் சொல்ல வேண்டும். கண்ணைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், மேலிமைப் பக்கம் 12 மணி, கீழிமைப் பக்கம் 6. 12 மணிப் பக்கம் பார்க்க, கால் பக்கம், எங்கள் அறைக் கணக்கில் வடக்கே. 6 மணிக்குத் தலைமாடு, தெற்கே. கிழக்குப் பக்க ஆங்கிளுக்கு மேற்கே, மேற்குப் பக்கத்துக்குக் கிழக்கே. தலை தெற்கே இருந்தால் வலது கை கிழக்கில் இருக்கும். ஆகவே வலக்கண்ணின் பொட்டுப் பக்கம், அதாவது காதுப் பக்கம், கிழக்கு, இடக்கண்ணின் பொட்டுப் பக்கம் மேற்கு. கொஞ்சம் திரும்பினால் போதும், கண் முழுக்கச் சொருகிவிட்டால் கப் அழுந்தும்.

புரோபில் ஒரு குறி இருக்கும். அந்தப் பக்கம் திரையின் எந்த ஓரத்தில் வருகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். புதுக் கருவி என்றால் ஒரு கிண்ணத் தண்ணீரில் புரோபை நனைத்து, குறிப் பக்கமிருந்து ஒரு பட்ஸ் குச்சியை முனையில் படாமல் காட்டிப் பாருங்கள். எந்த ஓரத்தில் தோன்றுகிறதோ அதுதான். யூகத்தில் விடாதீர்கள், கட்டி ஒரு பக்கம், ரிப்போர்ட் மறுபக்கம் ஆகிவிடும்.

ஆங்கிளுக்குப் புரோபின் வீச்சு சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இருக்க வேண்டும். கருவிழிக் கோடுகளும், ஐரிஸின் பின்பக்கத்து நிறமித் தோலின் வெள்ளைக் கோடும் ஒரே நேரத்தில் கூர்மையாக வந்தால் புரோப் செங்குத்தாக நிற்கிறது. ஒன்று பளிச், ஒன்று மங்கல் என்றால் சாய்ந்திருக்கிறது. அப்போது புரோபை நகர்த்தாதீர்கள், அதே இடத்தில் மணிக்கட்டை மட்டும் கொஞ்சம் மடக்குங்கள். புதியவர்கள் எல்லோரும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோணத்தை மாற்ற மாட்டார்கள்.

கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைத் திரையில் பெருக்கிக் காட்டும் அளவை, முதலில் ஏற்றி வைத்துத் தேடுங்கள், மெல்லியதெல்லாம் தெரியும். இடம் கிடைத்ததும் இறக்குங்கள், கோடுகள் பிரியும்.

கட்டியோ நீர்க்கட்டியோ இருந்தால் ஆரக்கால் வாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று, இரண்டும் வேண்டும். ஒரு வாக்கில் மட்டும் எடுத்த கட்டிக்கு அகலம் தெரியும், நீளம் தெரியாது.

ஸ்பர் கிடைத்தால் எல்லாம் கிடைத்தது

படத்தில் முதலில் தேட வேண்டியது ஸ்கிளீரல் ஸ்பர். வெள்ளைவிழி நல்ல வெள்ளையாகவும் அதன் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சிலியரி தசை சாம்பலாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டைப் பின்னாலிருந்து முன்னறை நோக்கிப் பிடித்துக்கொண்டே வாருங்கள். அது முன்னறையைத் தொடுகிற இடத்தில் சின்ன முனை. அதுதான். அது தெரியாத படத்தில் அளவு எடுக்காதீர்கள்.

ஸ்பரிலிருந்து கருவிழிப் பக்கமாக 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் போய் ஒரு புள்ளி. அங்கிருந்து செங்குத்தாக ஐரிஸ் வரை ஒரு கோடு. அதைத்தான் ஏஓடி 500 என்கிறோம். ஆங்கிள் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு இதுவே நடைமுறை அளவு. ஸ்பரை ஒரு பொட்டு தள்ளி வைத்தால் எண் மாறிவிடும். அதனால் ஒரே நோயாளிக்குப் போன தடவையும் இந்தத் தடவையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே ஆள் அளப்பது நல்லது. எங்கள் அறையில் அளப்பது நான் மட்டும்தான். இதில் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நோய் என்ன என்று சொல்வது டாக்டர் வேலை. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்தால் அது படத்தில் விழாது.

பாப்பாவில் நீர் தடைப்பட்ட கண்ணில் ஐரிஸ் காற்றடித்த பந்தல் துணி மாதிரி முன்னால் உப்பியிருக்கும். லேசரில் ஓட்டை போட்டதும் தட்டையாகிவிடும். ஓட்டை போட்டும் ஆங்கிள் திறக்கவில்லையென்றால் ஐரிஸுக்குப் பின்னால் பாருங்கள். சிலியரி முளைகள் முன்னால் சாய்ந்து, வாழைக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஐரிஸைத் தாங்கிக்கொண்டிருக்கும், வழக்கமாக அங்கே இருக்கும் பள்ளம் காணாது. பிளாட்டோ ஐரிஸ் என்பது இதுதான். ஓசிடியில் முட்டுக் கொடுக்கிறது எது என்பது தெரியாது.

நீர்க்கட்டி உள்ளே கறுப்பாக, மெல்லிய சுவரோடு இருக்கும். உள்ளே சாம்பலாக நிரம்பியிருந்தால் சதைக்கட்டி. அதைப் பார்த்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடுங்கள், நோயாளி கட்டிலில் இருக்கும்போதே.

தை மாதம் அடிபட்ட கண்கள் வரும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று பொங்கலிலிருந்து மூன்று நாள் வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கும். கொம்பு பட்டவர் நேராகத் தையல் போடப் போவார். எனக்கு வருகிறவர்கள் தடுப்புக் கட்டையிலோ முட்டியிலோ மோதி, வெளியே காயமே தெரியாமல் பார்வை மங்கினவர்கள். ஒரு தம்பிக்குக் கண் அழுத்தம் 4-க்கு மேல் ஏறவே இல்லை. 10-இலிருந்து 21 வரை இருப்பதுதான் வழக்கம். முன்னறையில் ரத்தம் கலங்கிக் கிடந்ததால் கோனியோவில் எதுவும் தெரியவில்லை. யூபிஎம்மில் ஸ்பரிலிருந்து சிலியரி பாடி பிய்ந்து, வெள்ளைவிழிக்கும் அதற்கும் நடுவே கறுப்பு வாய்க்கால் தெரிந்தது. உள்ளே சுரக்கிற நீர் அந்த வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கண்ணில் நான்கு திசையோடு நிறுத்தாதீர்கள், கடிகாரத்தின் ஒவ்வொரு மணிப் பக்கமாகச் சுற்றி வாருங்கள். அந்தத் தம்பிக்குப் பிளவு கடிகாரத்தில் இரண்டு மணி அளவு அகலம்தான் இருந்தது. ஸ்பரில் ஒட்டு அப்படியே இருந்து, தசைக்குள்ளேயே கிழிந்திருந்தால் அது வேறு, ஆங்கிள் ரிசெஷன். அங்கே அழுத்தம் பல வருடம் கழித்து ஏறலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதும் ஸ்பர்தான்.

வெள்ளை விழுந்த கருவிழி எங்கள் பக்கம் அதிகம். நெல் தூசி, கரும்புச் சோகை, கருவேல முள். 1990-களில் மதுரை மாவட்டத்தில் கணக்கிட்டபோது ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருக்கிறது. புண் ஆறினாலும் தழும்பு பால்கண்ணாடியாக நிற்கும், டாக்டரின் விளக்கு உள்ளே போகாது. ஒலி போகும். கருவிழி மாற்றுவதற்கு முன், ஐரிஸ் எங்கே ஒட்டியிருக்கிறது, லென்ஸ் இருக்கிறதா, ஆங்கிள் மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல இதுதான் வழி. இந்தக் கண்களில் அவசரப்படாதீர்கள், வழக்கமான அடையாளங்கள் எதுவும் இடத்தில் இருக்காது.

கப்பை எடுப்பது, கழுவுவது

புரோபை முதலில் எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள். காதோரம் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் பொட்டுப் பக்கம் சாய்த்து, இமையை விலக்கி, கப்பை ஒரு பக்கமாகச் சரித்தால் தண்ணீர் பஞ்சுக்குப் போகும். காதுக்குள் போனால் அன்றைக்கு முழுக்க உங்களைத்தான் திட்டுவார். ஜெல் முழுதும் போகும் வரை சலைனால் கழுவிவிடுங்கள். பிறகு ஃப்ளோரசின் பட்டி வைத்து, நீல விளக்கில் கருவிழியை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மேல்தோல் உரிந்திருந்தால் பச்சையாகக் காட்டிக்கொடுக்கும். மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படத்தோடு எழுதி வைக்க வேண்டியவை: எந்தக் கண், எந்த மணிப் பக்கம், விளக்கு இருந்ததா இல்லையா, என்ன சொட்டு மருந்தில் இருக்கிறார். பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் போடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

கப்பை உடனே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்த ஜெல் கண்ணுக்குத் தெரியாத தோலாகப் படியும். கிருமிநாசினி, ஊற வைக்கும் நேரம் இரண்டும் கருவிக்காரர்கள் சொன்னபடி. அதிலிருந்து எடுத்தபின் ஸ்டெரைல் தண்ணீரில் நன்றாக அலசாமல் அடுத்த கண்ணில் வைக்காதீர்கள், அந்த மருந்து மிச்சம் கருவிழியைப் பொத்துவிடும். புரோபைக் கொதிக்க வைப்பது, ஆட்டோகிளேவில் போடுவது கூடவே கூடாது.

மரப்பு விட அரை மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை கசக்கினாலும் அவருக்கு வலி தெரியாது, தோல் உரிந்துவிடும். "கண்ணைத் தொடாதீங்க" என்று சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, பூவையும் கண்ணாடியையும் கையில் கொடுத்து, மரப்பு விட்டபிறகுதான் மாட்டுத்தாவணிக்கு ஆட்டோ ஏற விடுங்கள்.